காக்களூர்ச் சங்குக்குக் காவிரிக்கரையில் ஒரு பங்காளி இருக்கிறான், தெரியுமா?

காக்களூர் சிட்கோவில் காலைச் சங்கு ஊதும்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள்? புட்லூர் ஸ்டேஷனிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருப்பீர்கள். இல்லை, டீக்கடையில் கடைசி மடக்கைத் தொண்டையில் ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். அந்தச் சங்குக்கு மூத்த தாத்தா யார் தெரியுமா? முதலாளி இல்லை. வெள்ளைக்காரன் கட்டிய மில்லும் இல்லை. ஏறக்குறைய 1,500 வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் ஒரு மலையுச்சியில் மணி அடிக்கச் சொன்ன ஒரு சாமியார்!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. லூயிஸ் மம்ஃபோர்டு என்ற அமெரிக்க அறிஞர் 1934இல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். இந்த யந்திர யுகத்துக்கு வழிவிட்டது நீராவி இன்ஜின் இல்லை, கடிகாரம்தான். அந்தக் கடிகாரப் புத்தி உருவானது கிறிஸ்தவத் துறவி மடங்களில்தான் என்பது அவர் கட்சி. பகலில் ஏழு முறை, நடு ராத்திரியில் ஒரு முறை, மணி அடித்தால் போட்டது போட்டபடி எழுந்து வரவேண்டும். அப்படி ஆயிரக்கணக்கான பேரை நூற்றாண்டுக் கணக்கில் பழக்கிவிட்டால், பின்னால் ஃபேக்டரிக்காரனுக்கு வேலை சுலபம்தானே!

அந்தச் சாமியார் பெயர் பெனடிக்ட். நம்மூர்க் கத்தோலிக்கர்கள் ஆசை ஆசையாய் ஆசீர்வாதப்பர் என்பார்கள். சுமார் 480இல் பிறந்தவர். ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவே மான்டே காசினோ மலைமேல் மடம் கட்டி, மடத்துக்கென்று ஒரு சட்டப்புத்தகம் எழுதினார். மொத்தம் 73 அதிகாரம். மடத்துத் தலைவருக்கு ‘அபட்’ என்று பெயர். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? இயேசு பேசிய அரமேய மொழியின் ‘அப்பா’விலிருந்து! அங்கேயும் அப்பா என்றால் அப்பாதான்.

புத்தகத்தைப் புரட்டினால் சிரிப்பு வருகிறது. ராத்திரி படுக்கும்போது இடுப்பில் கத்தியோடு படுக்காதே, தூக்கத்தில் குத்திக்கொள்வாய் என்று ஒரு விதி. துறவிக்கு ஒயின் ஆகாதுதான், ஆனால் இந்தக் காலத்துத் துறவிகளிடம் அதைச் சொன்னால் கேட்கவா போகிறார்கள், அளவோடாவது குடிக்கட்டும் என்று இன்னொன்று. ஆறாம் நூற்றாண்டிலேயே ‘இந்தக் காலத்துப் பசங்க’ புலம்பல்!

எனக்கு ரொம்பப் பிடித்தது 43ஆம் அதிகாரம். லேட்டாக வருகிறவனை என்ன செய்வது? நடு ராத்திரி ஜெபத்தின் தொடக்கத்தில் பாடும் சங்கீதத்தை வேண்டுமென்றே மெள்ள, இழுத்து இழுத்துப் பாடவேண்டுமாம். ஏன்? தூக்கக் கலக்கத்தில் தடுமாறி வருகிறவன் அது முடிவதற்குள் வந்து சேர்ந்துகொள்ளட்டும் என்றுதான்! அதற்கும் பிந்தினால் கடைசியில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி நிற்கவேண்டும். ஆனால் வெளியே மட்டும் நிறுத்தாதே என்கிறார். வெளியே விட்டால் ஒருத்தன் திரும்பப் போய்ப் படுத்துவிடுவான், இன்னொருத்தன் உட்கார்ந்து கதையடிப்பான். ஆளைத் தெரிந்து எழுதியிருக்கிறார் மனிதர். விரல் வைத்தால் நொடிக்கணக்குக் காட்டும் நம் பஞ்ச் மெஷினுக்கு இந்த இழுத்துப் பாடுகிற மனசு இல்லை.

இதெல்லாம் எங்கேயோ இத்தாலியில், நமக்கென்ன என்கிறீர்களா? எழும்பூரில் ராத்திரி ரயில் ஏறுங்கள். திருச்சியில் இறங்கிக் கரூர் பஸ் பிடியுங்கள். காவிரி வலது பக்கம் கூடவே வரும். குளித்தலைக்கு முன்னால் தண்ணீர்ப்பள்ளி என்று ஒரு கிராமம். வாழைத்தோப்பு, தென்னை, மா. அங்கே இருக்கிறது ஒரு பெனடிக்டைன் மடம்! பெயர் சச்சிதானந்த ஆசிரமம், ஊர்க்காரர்களுக்குச் சாந்திவனம். (பள்ளி என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் துறவிகள் உறைவிடம் என்றே ஒரு பொருள் உண்டு, தெரியுமா? சமணரும் பௌத்தரும் இருந்த இடங்களை அப்படித்தான் சொன்னார்கள். இந்த ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. பொருத்தம் மட்டும் அபாரம்.)

மடத்தைத் தொடங்கிய நாள் 1950 மார்ச் 21. அது என்ன நாள் தெரியுமா? ஆசீர்வாதப்பர் இறந்த நாளாக மடங்கள் கொண்டாடி வந்த திருநாள்! தொடங்கியவர்கள் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். ஒருவர் ஜூல் மொன்ஷானன், லியோன் பக்கத்துப் பாதிரியார், மகா படிப்பாளி. 1939இல் இங்கே வந்து குளித்தலைப் பக்கத்துக் கிராமங்களில் பங்குச் சாமியாராக இருந்தவர். இன்னொருவர் ஆன்ரி ல சோ. பிரிட்டனி கடற்கரையில் கெர்கோனான் என்ற பெனடிக்டைன் மடத்தில் 19 வயதில் சேர்ந்தவர். இந்தியாவுக்குப் போகவேண்டும் என்று பல வருஷம் கேட்டுக் கேட்டு, கடைசியில் வந்து இறங்கிய தேதியைப் பாருங்கள்: 1948 ஆகஸ்ட் 15! அதன்பிறகு சாகும்வரை 25 வருஷம் பிரான்ஸ் மண்ணை அவர் மிதிக்கவே இல்லை.

இருவரும் காவி கட்டினார்கள். செருப்பைக் கழற்றினார்கள். கறி மீனை விட்டார்கள். கீற்றுக் குடிசையில் தரையில் படுத்தார்கள். பெயரையும் மாற்றிக்கொண்டார்கள். மொன்ஷானன் பரம அரூபி ஆனந்தம் ஆனார். ல சோ அபிஷிக்தானந்தர் ஆனார். பிதா, சுதன், தூய ஆவி என்கிற மூன்றையும் சத், சித், ஆனந்தம் என்று பார்த்ததால்தான் மடத்துக்குச் சச்சிதானந்தம் என்று பெயர். கத்தோலிக்கத் திருச்சபை பிற மதங்களைப் பற்றி மனம்விட்டுப் பேசிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது 1962இல்தான். இவர்கள் அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே திருச்சி ஆயர் ஜேம்ஸ் மெண்டோன்சாவின் அனுமதியோடு ஆற்றங்கரையில் குடிசை போட்டுவிட்டார்கள்.

சரி, கூட்டம் குவிந்ததா? அதுதான் இல்லை! ஆள் வருவார், பார்ப்பார், போய்விடுவார். முதல் பதினெட்டு வருஷத்தில் நிலைத்து நின்ற சீடர் என்று சொல்ல ஆளில்லை. மொன்ஷானன் 1957 அக்டோபரில் பாரிஸ் ஆஸ்பத்திரியில் புற்றுநோயில் இறந்தார். அதே 1957இல் அதே குளித்தலையிலிருந்து ஒருவர் முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குப் போனார். யார் தெரியுமா? மு. கருணாநிதி! தோப்புக்குள் வெள்ளைக்காரச் சாமியார்களின் மௌனம், ரோட்டில் தேர்தல் மைக். அந்தக் காலத்துக் குளித்தலையை நினைத்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

அபிஷிக்தானந்தர் கதையைத் தனியாகத்தான் சொல்லவேண்டும். 1949 ஜனவரியில் மொன்ஷானனோடு திருவண்ணாமலை போய் ரமண மகரிஷியைப் பார்த்தார். பார்த்தவர் பழைய மனிதராகத் திரும்பவில்லை. பிறகு அருணாசல மலைக் குகைகளில் போய்ப் போய்த் தங்கினார். ஒரு கத்தோலிக்கத் துறவி, குகையில், தனியாக! திருக்கோவிலூர் தபோவனத்து ஞானானந்தகிரி சுவாமிகளைக் குருவாகவே ஏற்றார். இயேசுவையும் விடமுடியவில்லை, அருணாசலத்தையும் விடமுடியவில்லை. அந்த இழுபறியை ஆயுள் முழுக்க நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் இமயமலைப் பக்கம் உத்தரகாசிக்குப் போய்விட்டார். 1973 ஜூலையில் ரிஷிகேஷில் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது நெஞ்சுவலி. டிசம்பரில் இந்தூரில் காலமானார். அவருடைய எலும்புகள் பிற்பாடு தண்ணீர்ப்பள்ளிக்கே வந்து சேர்ந்தன.

மடம் பிழைத்தது மூன்றாவது ஆளால். 1968இல் கேரளாவிலிருந்து இரண்டு சீடர்களோடு வந்து சேர்ந்த ஆங்கிலேயர், பீட் கிரிஃபித்ஸ். ஆக்ஸ்ஃபோர்டில் அவருக்குப் பாடம் நடத்தியவர் யார் தெரியுமா? நார்னியா கதைகளை எழுதிய சி.எஸ். லூயிஸ்! வாத்தியாரும் மாணவரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் கடவுளிடம் வந்தவர்கள். லூயிஸ் 1955இல் வெளியிட்ட தன்வரலாற்றை இந்தப் பழைய மாணவருக்குத்தான் காணிக்கையாக்கினார். அதே 1955இல் மாணவர் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். வாகமண் மலையில் பெல்ஜியத்துப் பிரான்சிஸ் ஆச்சாரியாவோடு குரிசுமலை ஆசிரமத்தைத் தொடங்கிப் பத்து வருஷம் இருந்தார். அந்தக் குரிசுமலைக்குப் பேர் வாங்கித் தந்தவற்றில் ஒன்று மாட்டுப் பண்ணை. ஆவின் பால் வாசத்தோடு விடிகிற காக்களூர்க்காரனுக்கு இது ஒரு சொந்தம் மாதிரி இல்லையா?

கிரிஃபித்ஸ் வந்தபின் உலகமே தண்ணீர்ப்பள்ளிக்கு பஸ் ஏறியது. ஐதராபாத்தில் துவரை, கொண்டைக்கடலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ரூபர்ட் ஷெல்ட்ரேக் வேலையை விட்டு இங்கே வந்து ஒன்றரை வருஷம் குடிசையில் உட்கார்ந்து ஒரு புத்தகம் எழுதினார். 1981இல் அது வெளிவந்ததும் என்ன ஆயிற்று தெரியுமா? உலகப் புகழ்பெற்ற நேச்சர் இதழ், இது கொளுத்தவேண்டிய புத்தகமோ என்று கேட்டுத் தலையங்கமே தீட்டியது! இயற்கைக்கே பழக்கவழக்கம், ஞாபகம் எல்லாம் உண்டு என்பது அவர் வாதம். விஞ்ஞானிகள் இன்றும் ஏற்கவில்லை, எனக்கும் ஒட்டவில்லை. ஆனால் லண்டனில் அடித்த அந்தப் புயல் குளித்தலை வாழைத்தோப்பில் கருக்கொண்டது என்பது சும்மாவா?

1980களின் தொடக்கத்தில் மடம் கமால்டோலி சபையோடு சேர்ந்தது. பெனடிக்டைன் குடும்பத்தில் தனிமை நாடும் கிளை அது. இத்தாலிய மலைக்காட்டில் ஆயிரம் வருஷப் பழசு. கிரிஃபித்ஸ் 1993 மே 13ஆம் தேதி, 86 வயதில், தம் குடிசையிலேயே கண்மூடினார்.

இனிக் கோயிலுக்குள் வாருங்கள். கோயில் என்றேனே, கோயிலேதான்! முன்னால் கோபுரம், உள்ளே மண்டபம், அதற்குள் இருட்டான மூலஸ்தானம். கோபுரத்தில் மூன்று முகங்களோடு திரித்துவம். விமானத்தின் அடியில் சிங்கம், காளை, மனிதன், கழுகு. அதற்கு மேலே மாதா, பேதுரு, பவுல், அப்புறம் நம்ம ஆசீர்வாதப்பர். உச்சியில் கலசம். சுதை வேலை, வர்ணம், எல்லாம் நம் ஸ்தபதிப் பாணி. சிலுவையைச் சுற்றி ஒரு வட்டம், நடுவில் ஓம். இதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. எங்கள் ஓம் உங்கள் சிலுவையில் எதற்கு, ஆள்பிடிக்கவா என்று இந்துக்கள் சிலர் பத்திரிகைகளில் காரசாரமாகக் கேட்டார்கள். இது என்ன கிறிஸ்தவம் என்று கத்தோலிக்கர் சிலர் கோபித்தார்கள். இரண்டு கேள்வியும் இன்னும் ஓயவில்லை. எனக்கு முதல் கேள்வியில் கொஞ்சம் நியாயம் தெரிகிறது; ஆனால் அருணாசலக் குகையில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தவரை ஆள்பிடிக்க வந்தவர் என்று சொல்ல வாய் வரவில்லை.

மண்டபத்தில் தரையில்தான் உட்காரவேண்டும். வேதம், உபநிஷதம், தமிழ் அடியார் பாடல், சங்கீதம் எல்லாம் வரிசையாக வரும். பூசையில் எட்டுத் திசைக்கு எட்டுப் பூ வைப்பார்கள், கற்பூரம் காட்டுவார்கள். காலை ஜெபத்தில் நெற்றிக்குச் சந்தனம், மத்தியானம் குங்குமம், சாயங்காலம் திருநீறு. குளித்தலைக்காரர்களுக்கு இந்த மூன்று வேளைக் கணக்குப் புதிதே இல்லை, தெரியுமா? காலையில் குளித்தலைக் கடம்பரையும், மத்தியானம் அய்யர்மலைச் சொக்கரையும், அந்தியில் அக்கரை ஈங்கோய்மலை நாதரையும் ஒரே நாளில் பார்க்கவேண்டும் என்பது அந்த வட்டாரத்து வழக்கு. காவிரிக்கு இரு கரையிலும் பகலை மூன்றாகப் பகுத்துச் சாமிக்குக் கொடுத்திருக்கிறார்கள்!

நான் போன அன்று, காலைக் கஞ்சிக்குப்பின் காய் நறுக்க உட்கார வைத்தார்கள். எதிரே ஒரு வெளிநாட்டுப் பெரியவர் கத்தரிக்காயைக் காம்போடு நான்காக வகுந்து தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். கறுக்காமல் இருக்கத் தண்ணீரில் போடவேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மணி அடித்தது. கத்தியைக் கழுவி, துடைத்து, எடுத்த இடத்தில் வைத்துவிட்டு எழுந்தார். அந்தத் துடைப்பைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது.

நான் காக்களூரில் ஒரு பட்டறையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன். ஆசீர்வாதப்பர் புத்தகத்தில் என் வேலைக்கென்றே இரண்டு அதிகாரம் இருக்கிறது! 32இல், மடத்துக் கருவிகளுக்குப் பட்டியல் வைத்துக்கொள், யாரிடம் என்ன கொடுத்தாய், என்ன திரும்பியது என்று தெரியவேண்டும் என்கிறார். இஷ்யூ ரெஜிஸ்டர்! 31 இன்னும் ஒரு படி மேலே. சரக்கறை பார்க்கிறவன் மண்வெட்டி, பானை, சட்டி எல்லாவற்றையும் பூசைப் பாத்திரமாக நினைக்கவேண்டுமாம். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஆயுத பூஜையன்று நாம் செய்வது வேறென்ன? எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்த லேத்துக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. செய்தித்தாள் விரித்து அதன்மேல் வெர்னியர், மைக்ரோமீட்டர், ஸ்பேனர் செட், டிரில் பிட் பெரியதிலிருந்து சின்னதுவரை வரிசையாக. பொரி, கடலை, சுண்டல். வாசலில் பூசணிக்காய். எல்லாம் முடிந்ததும் அந்தச் சந்தனப் பொட்டோடு மறுநாள் ஜாபுக்குப் போகும் ஸ்பேனர்!

மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். இன்னும் ஒன்று இருக்கிறது. இது சிரிப்புச் செய்தி இல்லை.

அந்த மான்டே காசினோ மலை மடத்தை 1944 பிப்ரவரி 15ஆம் தேதி நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு இடித்தன. ஜெர்மன்காரன் உள்ளே இருக்கிறான் என்று சந்தேகம். உள்ளே இருந்தது துறவிகளும் அடைக்கலம் புகுந்த ஊர் ஜனங்களும். மலையைப் பிடிக்க அனுப்பப்பட்ட படை எது தெரியுமா? 4ஆவது இந்திய டிவிஷன்! முதலில் குண்டு போடுங்கள் என்று கேட்டதே அதன் தளபதி டக்கர்தான். அந்த டிவிஷனில் மெட்ராஸ் சாப்பர்ஸ் இருந்தார்கள். பாலம் போடுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. அதில் ஒருவர் சுபேதார் சுப்பிரமணியன், செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். திருவள்ளூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997இல்தான். அன்றைக்குக் காக்களூரும் செங்கல்பட்டு மாவட்டம்தான். அதாவது, நம் ஜில்லாக்காரர்!

மடம் இடிந்த ஒன்பதாம் நாள், பிப்ரவரி 24. காசினோவிலிருந்து சில மைல் தள்ளி மின்யானோ என்ற இடத்தில் ஒரு சின்னக் குழுவோடு கண்ணிவெடி தேடிப் பாதை திறந்துகொண்டிருந்தார். யாரோ கால் வைத்த இடத்தில் ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தம். மற்றவர்களுக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த வகை வெடி முதலில் அப்படித்தான் சத்தம் போடும். சில விநாடி கழித்து மேலே எகிறி வெடித்துச் சுற்றி நிற்கிற அத்தனை பேரையும் துளைக்கும். ஓட நேரமில்லை. அதன்மேல் குப்புற விழுந்தார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். பழைய விருதுக்கு மாற்றாக இல்லாமல், நேரடியாகவே அந்த விருது வழங்கப்பட்ட முதல் இந்தியர் என்று அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

மடம் என்ன ஆயிற்று? பழைய வரைபடத்தை வைத்து அப்படியே திருப்பிக் கட்டினார்கள். 1964இல் போப் ஆறாம் பவுல் வந்து அர்ச்சித்தார். அதற்கு முன்பே லொம்பார்டியர் ஒரு தரம், சாராசனியர் ஒரு தரம், 1349 நிலநடுக்கம் ஒரு தரம் என்று இடிந்த மடம்தான் அது. வெட்டினால் துளிர்க்கும் என்பது மடத்தின் முத்திரைச் சொல். நம்மூர் முருங்கை!

இலங்கையையும் விட்டுவிடக்கூடாது. 1845இலேயே பெனடிக்டைன் குடும்பத்துச் சில்வெஸ்திரினர் கண்டிப் பக்கம் வந்துவிட்டார்கள். கண்டி புனித அந்தோனியார் கல்லூரி அவர்கள் 1854இல் தொடங்கிய பள்ளி. அங்கே படித்த ஒரு மலையகத் தமிழ்ப் பையன் பந்தைச் சுழற்றிச் சுழற்றி 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தான். முத்தையா முரளிதரன்! பையன் வேகப்பந்து போட்டுக்கொண்டிருந்தவன். சுழற்பந்துக்கு மாறியது பள்ளிக்கூடத்தில்தான்.

தண்ணீர்ப்பள்ளியிலிருந்து கிளம்பும்போது சாயங்கால ஜெபம் முடிந்திருந்தது. திருச்சிக்கு பஸ், ராத்திரி ரயில், விடிகாலை எழும்பூர், அங்கிருந்து சென்ட்ரல், திருவள்ளூர் லோக்கல். ஆவடியில் சிக்னலுக்கு நின்றது நின்றதுதான். புட்லூரில் இறங்கி ஓடினேன். சங்கு ஊதி முடித்துவிட்டது.

டைம் ஆபீஸ் அண்ணன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “மூணு நிமிஷம் லேட்டுப்பா.”

“ட்ரெயின் லேட்டுண்ணா. ஊருக்குப் போயிருந்தேன்.”

அவர் என் நெற்றியைப் பார்த்தார். ரயிலில் தூங்கியதில் பாதி அழிந்த திருநீறு. “எந்தக் கோயிலு?”

“குளித்தலைப் பக்கம்.”

“கடம்பரா?”

“அவருக்குப் பக்கத்துலண்ணா.”

“சரி சரி, வைய்யி விரல” என்று ரெஜிஸ்டரை மெள்ளப் புரட்ட ஆரம்பித்தார்.